பிணை

அக்டோபர் முடிந்தால் ஸ்டைரிய மலைக்காடு
சாக்குப்பைகளில் எங்கள் பட்டறைக்கு வந்துவிடும்.
குளம்பென்றால் உள்ளே குடைந்து
வெள்ளிமூடி போட்ட மைக்கூடு.
கொம்பென்றால் கத்திப்பிடி.
மானின் கொம்பைப் பிடித்துத்தான் அரண்மனையில்
மானை அறுப்பார்கள்.
மாஸ்டர் ஐஸ்டாக் இதில் வேடிக்கை எதையும் கண்டதில்லை.
ஒருமுறை கரடியின் முன்பாதம் வந்தது,
விருந்தாளிகள் பெயரட்டை வைக்கும் தட்டாக வேண்டுமென்று.
செத்தபின் அதற்கு
கைநீட்டக் கற்றுக்கொடுத்தோம்.

நான் வால்பூர்கா.
கொதிக்கவைப்பேன், சுரண்டுவேன்,
மாஸ்டரின் கண் மங்கியபிறகு
பொன் இலைகளுக்கு நரம்பும் கீறுவேன்.

செம்மானின் மேல்தாடையில்
மெல்ல உதவாத பற்கள் இரண்டு உண்டு.
பாலேடு நிறம், நுனியில் மட்டும்
தேநீர்க் கறை.
தலை சுவருக்கு, தோல் தரைக்கு,
பல் இரண்டும் மனைவியின் நெஞ்சுக்கு.
அதுதான் வழக்கம்.

அந்த ஆண்டு இளவரசரின் பையில்
ஒரு பல் இருந்தது.
மற்றது துண்டும் தூளுமாய்
ஒரு காகிதப் பொட்டலத்தில்.
‘வழியில் சேதம்’ என்றது கடிதம்.
வழி என்பது
குண்டு தாடைக்குள் போன வழி.
கோமகளின் பிறந்தநாளுக்கு
ஒன்பது நாள் இருந்தது.

இனி சொல்வதைக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய பிப்ரவரி.
சன்னல்வரை பனி.
மாவுப் பானையில் கை விட்டால்
பானைதான் கையில் பட்டது.
என் கொர்பினியன் கம்பிச் சுருக்கோடு
இரவில் போனான்,
விடியுமுன் எதையோ சுமந்து வந்தான்.
கொம்பில்லாத தலை.
பட்டறையில் நான் செய்கிற அதே வேலையை
வீட்டு அடுப்பில் செய்தேன்.
புகை வெளியே போகாமல்
கண்ணுக்குள் போனது.
பதினோரு நாள் உண்டோம்.
ஈரலில் பாதியை மூடிய சட்டியில்
மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பினேன்.
சட்டி கழுவித் திரும்பியது,
கேள்வி எதுவும் திரும்பவில்லை.

பற்களை மட்டும் எறிய மனம் வரவில்லை.
உப்புச் சாடியின் அடியில் கிடந்தன,
கண்டுபிடித்தால்
கொர்பினியனுக்கு மூன்று ஆண்டுச் சிறை.

பெண்மானுக்குப் பிணை என்று பெயர்.
பிடிபட்டவனை மீட்கக் கட்டுவதற்கும்
அதே பெயர்.

சாடியைக் கவிழ்த்து
ஒன்றை எடுத்துப்போனேன்.
“பழைய சரக்கில் இருந்தது” என்றேன்.
மாஸ்டர் கண்ணாடி வில்லையை ஏற்றினார், பார்த்தார்,
வில்லையை இறக்கினார்.
“சிறியது” என்றார்.
“இலையைக் கொஞ்சம் மேலே ஏற்று.”

ஏற்றினேன்.
இரண்டு கருவாலி இலைகள், நடுவே ஒரு மாணிக்கத் துளி.
இடப்பக்கம் இளவரசரின் கலைமான்.
வலப்பக்கம் எங்கள் பசி.
பின்புறம் நாளும் கிரீடமும் பொறித்தேன்,
என் கையெழுத்து இதுவரை
அவ்வளவு அழகாய்ப் பொய் சொன்னதில்லை.

வேடர்களின் புனிதர் திருநாளில்
தேவாலயத்தில் அதைப் பார்த்தேன்.
மண்டியிட்டிருந்த கோமகளின் நெஞ்சில்
இரண்டும் பக்கம்பக்கமாய்,
உயிரோடு இருந்தவரை
ஒரே ஓடையில் குடித்தனவோ என்னவோ.
கொர்பினியன் என் பக்கத்தில்
தொப்பியை மடியில் வைத்து
அளவுக்கு மீறிப் பக்தியாய் இருந்தான்.

ஆறு ஆண்டு கழித்து
பட்டு உறையில் பழுதுக்கு வந்தது பதக்கம்.
ஊசி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.
வில்லையின் கீழே வைத்தேன்.
இளவரசரின் பல்
கொடுத்த அன்றுபோலவே இருந்தது.
மற்றதின் கறை முழுதும் போய்
வழுவழுப்பாகியிருந்தது.
நீண்ட விருந்துகளில்,
பேச்சு நின்றுபோன அறைகளில்
அவள் விரல் தேடிப்போய்த் தடவியது
அதைத்தான்.

ஊசியை இறுக்கினேன்.
கூலி நாற்பது காசு.
வரும் வழியில் உப்பு வாங்கினேன்.
சாடியில் இன்னும் ஒன்று இருக்கிறது.